கன்றோடு வந்த இழப்பு

நுழையும்முன்

புயலால் விழுந்த மரத்தைக் கண்ணால் காண்கிறோம். அதற்கு நிவாரணம் கேட்கிறோம். நோயால் அழியும் மரம் ஓசையின்றி அழிகிறது. தமிழ்நாட்டு மலைகளில் பல்லாயிரம் குடும்பங்களுக்கு வாழ்வளித்த ஒரு வாழை இனம், ஒரு சிறு பூச்சி சுமந்துவந்த நச்சுயிரியால் பெரும்பகுதி மறைந்தது. அந்த மறைவு உழவரின் வரவு செலவை எவ்வாறு மாற்றியது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

உப்பளமும் தோட்டமும்

விழுப்புரம் மாவட்டத்தின் கடற்கரை ஊராகிய மரக்காணத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருமருங்கும் உப்புப் பாத்திகள் கண்ணாடித் தகடுகள் போலக் கிடக்கின்றன. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என அறிஞர் பலர் கருதுவர். தை, மாசித் திங்களில் பாத்திகளைச் சீர்செய்து, உவர்நீரைத் தேக்கி, வெயிலில் காயவைத்து, விளைந்த உப்பை வாரிக் குவிப்பது இங்குள்ள தொழில். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் வேலை நின்றுவிடும். சில ஆண்டுகளில் பருவம் தப்பிய கோடைமழை, வாரும் நிலையில் இருந்த உப்பை ஒரே இரவில் கரைத்துவிடுவதும் உண்டு.

அந்த இழப்பு சிறியதன்று. உப்பளத் தொழிலாளியின் வீட்டில் அடுப்பெரிவதே அதனால் தடைப்படும். எனினும் அதற்கு ஓர் எல்லை உண்டு. மழை கரைத்தது விளைந்த உப்பை மட்டுமே. உப்பை விளைவிக்கும் கடலும் வெயிலும் நிலமும் அப்படியே இருக்கின்றன. பாத்தியை மீண்டும் மிதித்துச் சமன்செய்தால் சில வாரங்களில் உப்பு பூக்கும். பொருளியலார் சொல்லில் கூறினால், வருமானம் போயிற்று, முதல் நிற்கிறது.

பண்டைக் காலத்தில் உமணர் உப்பு வண்டிகளை ஓட்டிக்கொண்டு உள்நாட்டுக்கும் மலைநாட்டுக்கும் சென்றனர். அவர்கள் சென்ற திசையிலேயே நாமும் கடற்கரையை விட்டு மேற்கே சென்று திண்டுக்கல் மாவட்டத்து மலைகளில் ஏறினால், வேறொரு வகை இழப்பைக் காணலாம். அங்கே நோய் தின்றது பழத்தை மட்டுமன்று. பழம் தரும் மரத்தையும், அடுத்த மரம் தோன்றுவதற்கான கன்றையும் சேர்த்துத் தின்றது. விளைச்சலோடு முதலும் போயிற்று.

விருப்பாச்சியும் சிறுமலையும்

திண்டுக்கல் மாவட்டத்தில் ஒட்டன்சத்திரத்துக்கு அருகில் உள்ள ஊர் விருப்பாச்சி. சிவகங்கை அரசி வேலுநாச்சியார் தம் கணவரை இழந்த பின்னர், அவருக்கு அடைக்கலம் தந்த பாளையக்காரர் கோபால நாயக்கரின் ஊர் என்பதால் வரலாற்று மாணவர் இப்பெயரை அறிந்திருப்பர். உழவரும் வணிகரும் இப்பெயரை அறிந்திருப்பது வேறு காரணத்தால். பழனி மலைத்தொடரின் கீழ்ப்பகுதியில் விளையும் மலைவாழைக்கு விருப்பாச்சி என்றே பெயர். திண்டுக்கல்லுக்குத் தெற்கே தனித்து நிற்கும் சிறுமலையில் விளைவது சிறுமலைப்பழம். இரண்டும் நெருங்கிய உறவுடையவை.

இப்பழத்தின் சிறப்பு அதன் குறைந்த ஈரத்தில் உள்ளது. சமவெளியில் விளையும் பழங்களைக் காட்டிலும் இதன் சதை இறுகியது, நீர் குறைந்தது, மணம் மிகுந்தது. பழுத்த பின்னும் எளிதில் அழுகுவதில்லை; தோல் கறுத்துச் சுருங்கினாலும் உள்ளே சதை கெடாதிருக்கும். பழனி முருகன் கோவில் பஞ்சாமிர்தத்திற்கு மலைவாழையைத் தேடியதன் காரணம் இதுவே. வாழைப்பழம், சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய் முதலியவை சேரும் அக்கலவையில் ஒரு துளி நீரும் சேர்ப்பதில்லை. பழமே நீர்விட்டால் பஞ்சாமிர்தம் நெடுநாள் நில்லாது.

மலைவாழை பயிராகும் முறையும் தனி. காவிரிக் கரையில் வாழை பெரும்பாலும் நட்டு, ஒன்றிரண்டு பருவங்கள் வெட்டி, பின் அழித்து மறுபடி நடும் பயிர். மலைச்சரிவில் அது பல்லாண்டுப் பயிர். ஒருமுறை நட்டால் தாய்மரம் தார் ஈன்று சாயும். அதன் அடியிலிருந்து பக்கக்கன்று எழும். அது தார் ஈன்றபின் அடுத்த கன்று எழும். இவ்வாறு ஒரே தூர் ஆண்டுக் கணக்கில் நிலைத்திருக்கும். நிழல்மரங்களுக்கு இடையே காப்பிச்செடியும், மரங்களில் படர்ந்த மிளகுக் கொடியும், ஊடே வாழையும் என அடுக்கடுக்காகப் பயிர்கள் நிற்கும். பாய்ச்சல் நீர் இல்லை, மலைமழையே நீர்.

இந்த அமைப்பில் வாழைக்கு ஒரு குறிப்பிட்ட பணி இருந்தது. காப்பி ஆண்டுக்கு ஒருமுறை பலன் தரும், மிளகும் அவ்வாறே. அறுவடைகளுக்கு இடைப்பட்ட மாதங்களில் அரிசிக்கும் மருந்துக்கும் பள்ளிச் செலவுக்கும் கையில் காசு தந்தது வாழைத்தாரே. தூர்கள் வெவ்வேறு காலத்தில் ஈனுவதால் ஏதாவது ஒரு மூலையில் வெட்டத்தக்க தார் ஒன்று இருந்துகொண்டே இருக்கும். வண்டி செல்ல வழியில்லாத சரிவுகளிலிருந்து ஆள்களும் குதிரைகளும் தார்களைச் சுமந்து இறக்கினர். உழவர், கூலியாள், குதிரைக்காரர், தரகர், சந்தை வணிகர் என ஒரு தாருக்குப் பின்னே ஐந்தாறு பேருடைய பிழைப்பு நின்றது.

இலவசமாகக் கிடைத்த முதல்

நெல்லுக்கு விதை வேண்டும். மாவுக்கு ஒட்டுக்கன்று வேண்டும். வாழை உழவருக்கோ அடுத்த பயிருக்கான முதல் தம் தோட்டத்திலேயே, மரத்தடியிலேயே, விலையின்றி முளைத்தது. தமக்குப் போக மிஞ்சிய கன்றை அயல்தோட்டத்தாருக்குக் கொடுப்பது மலையூர்களில் ஒரு நல்லுறவுச் செயல். மகள் மணமாகிச் சென்ற ஊரில் புதுத்தோட்டம் போட்டால் பிறந்த வீட்டுக் கன்று அங்கே போகும். ‘வாழையடி வாழை’ என்னும் தொடர் தலைமுறைத் தொடர்ச்சிக்கு உவமையானது இந்தப் பண்பினால்தான்.

உண்பதற்குரிய வாழைகளில் விதை வளர்வதில்லை. ஆகவே ஒரு தூரிலிருந்து பிறக்கும் கன்று, தாயின் மறுபடியே ஆகும். தாயிடம் உள்ள நற்பண்பெல்லாம் கன்றுக்கு வரும். தாயிடம் நச்சுயிரி இருந்தால் அதுவும் வரும். விதைவழிப் பெருகும் பயிர்கள் பலவற்றில் நோய் அடுத்த தலைமுறைக்குச் செல்லாமல் விதை ஓரளவு வடிகட்டிவிடுகிறது. கன்றுவழிப் பெருகும் பயிருக்கு அந்த வடிகட்டி இல்லை. வாழையடி வாழையாக வளர்ந்தது நோயுமாயிற்று.

முடிக்கொத்து நோய்

வாழையைத் தாக்கும் நச்சுயிரி நோய்களுள் மிகக் கொடியது முடிக்கொத்து நோய். நோயுற்ற மரத்தில் புதிதாக விரியும் ஒவ்வோர் இலையும் முந்தியதைவிடக் குட்டையாகவும் குறுகலாகவும் வரும். இலைகள் விரிந்து சாயாமல், விறைத்து மேல்நோக்கி, உச்சியில் ஒரு கொத்தாக நெருங்கி நிற்கும். ஓரங்கள் மஞ்சளாகி, தொட்டால் முறியும். முதலில் தோன்றும் அடையாளம் இதனினும் நுட்பமானது: இலைக்காம்பிலும் நடுநரம்பை ஒட்டிய சிறுநரம்புகளிலும் கரும்பச்சை நிறத்தில் புள்ளியும் கோடுமாகத் தந்திக்குறிகளைப் போன்ற கீற்றுகள் காணப்படும். பழகிய கண்ணுக்கே அவை புலப்படும்.

இளமையில் நோயுற்ற மரம் தார் ஈனாது. வளர்ந்தபின் நோயுற்ற மரம் ஒருவேளை ஈனலாம், ஆனால் அந்தத் தார் சிறுத்துக் கோணியிருக்கும், சந்தைக்கு ஆகாது. நோய்கண்ட மரத்தைக் குணமாக்கும் மருந்து எதுவும் இல்லை.

நோயைப் பரப்புவது வாழை அசுவினி. பழுப்பும் கருமையும் கலந்த இச்சிறு பூச்சி, இலையுறைகளின் இடுக்கிலும் குருத்தின் அடியிலும் கூட்டமாக வாழ்ந்து சாற்றை உறிஞ்சும். அது கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதனைக் காத்து நிற்கும். நோயுற்ற மரத்தில் உறிஞ்சிய அசுவினி நலமுள்ள மரத்தில் வாய்வைக்கும்போது நச்சுயிரி இடம் மாறுகிறது. தொற்றியபின் அடையாளம் வெளிப்படச் சில வாரங்கள் ஆகும். அந்த இடைவெளியில் மரம் பார்வைக்கு நலமாகவே இருக்கும். அசுவினியோ அதிலிருந்தும் நோயை எடுத்துச் செல்லும்.

அசுவினி நெடுந்தொலைவு தானாகச் செல்வதில்லை. பெரும்பாலும் அருகிலுள்ள தூர்களுக்கே நோயைக் கொண்டுசெல்கிறது. மலைவிட்டு மலைக்கும் நாடுவிட்டு நாட்டுக்கும் அதனைக் கொண்டுசென்றவர் கன்றை எடுத்துச் சென்ற மனிதரே. இந்நோய் பசிபிக் தீவாகிய பிஜியில் 1889 ஆம் ஆண்டிலேயே அறியப்பட்டது. 1913 ஆம் ஆண்டில் இலங்கையிலும் ஆஸ்திரேலியாவிலும் தோன்றியது. 1940 வாக்கில் கேரளத்தில் கால்வைத்தது. இலங்கையிலிருந்து வந்த கன்றுகளோடு வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. அங்கிருந்து பழனி மலைக்கு வர அதற்கு அதிக வழியில்லை.

தெரியுமா?
பனாமா வாடல் நோய் என்பது மண்ணில் வாழும் பூஞ்சையால் வாழைக்கு உண்டாகும் மற்றொரு நோய். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உலக ஏற்றுமதிச் சந்தையை ஆண்ட குரோ மிசேல் என்னும் வாழை இனம் இந்நோயால் வணிகத்திலிருந்து அகன்றது. அதன் இடத்தைக் கேவண்டிசு இனம் பிடித்தது. இப்பூஞ்சை பல பத்தாண்டுகள் மண்ணில் தங்கக்கூடியது. முடிக்கொத்து நச்சுயிரியோ மண்ணில் தங்குவதில்லை. உயிருள்ள தூரிலேயே தங்குகிறது. எனவே நோயுற்ற தூரை முற்றிலும் அகற்றினால் அந்நிலம் மீண்டும் வாழைக்கு ஏற்றதாகும்.

இழப்பின் கணக்கு

1970களுக்கு முன்னர் கீழ்ப்பழனி மலையிலும் சிறுமலையிலும் ஏறத்தாழ 18,000 ஹெக்டேரில் மலைவாழை நின்றது. பின்னர் அது 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது. ஒன்பது பங்கில் எட்டுப் பங்கு மறைந்தது எனலாம். இந்தச் சரிவுக்கு முடிக்கொத்து நோயே தலையாய காரணம். எல்லாப் பழியையும் நோயின்மேல் போடுவது மிகையாகும். ஆள் பற்றாக்குறையும் காப்பி, மிளகு விலைகளின் ஈர்ப்பும் தம் பங்கைச் செய்தன. ஆயினும் நோய் வராதிருந்தால், கையில் மாதந்தோறும் காசு தந்த பயிரை உழவர் தாமாக விட்டிருக்க மாட்டார்.

பரப்பளவுக் கணக்கு ஒரு குடும்பத்தின் இழப்பைக் காட்டாது. அதனைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனைத் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதில் 1,000 தூர்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு தார் தருகிறது. ஒரு தாரின் விலை 200 ரூபாய் என்க. ஆண்டு வரவு 2,00,000 ரூபாய். இவற்றுள் 50 தூர்களில் நோய் தெரிகிறது. இந்த எண்கள் கணக்கை விளக்குவதற்காக மட்டுமே கொள்ளப்பட்டவை.

உழவர் 50 தூர்களையும் உடனே கிழங்கோடு தோண்டி அழித்தால் அவ்வாண்டு 10,000 ரூபாய் வரவு குறையும். தோண்டும் கூலி தனி. மறுநடவு செய்த கன்று தார் தர ஓராண்டுக்கு மேல் ஆகும். மலையின் குளிரில் இன்னும் நாள் பிடிக்கும். ஆக, 50 தூர்களின் வரவு ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுக்கு நின்றுபோகும். இது தாங்கக்கூடிய இழப்பு.

அவர் தோண்டவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு நோய்த்தூரும் ஓராண்டில் இரண்டு புதிய தூர்களுக்கு நோயைக் கொடுத்தால் 50 என்பது 150 ஆகும். அடுத்த ஆண்டு 450. மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் தோட்டம் முழுவதும் நோயின் கையில். அப்போது இழப்பது ஆண்டு வரவு 2,00,000 ரூபாய் மட்டுமா? நடுவதற்குக் கன்று தோட்டத்தில் ஒன்றுகூட இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் கேட்டால் அங்கும் அதே நிலை. இலவசமாகக் கிடைத்த முதலை இனி விலைகொடுத்து, மலைக்கு வெளியிலிருந்து வாங்கவேண்டும். வருமானமே இல்லாத வேளையில்தான் அந்தச் செலவு வந்து நிற்கும்.

தோட்டத்துக்கு வெளியேயும் இழப்பு சங்கிலியாக நீளும். தார் குறைந்தால் சுமக்கும் ஆளுக்கும் குதிரைக்கும் வேலை குறையும். பத்துத் தாருக்காக ஒரு குதிரைக்காரர் பள்ளத்தாக்கில் இறங்கமாட்டார். எனவே நோய் வராத தோட்டக்காரரும் தம் சில தார்களைச் சந்தைக்குக் கொண்டுவரக் கூடுதல் செலவு செய்யவேண்டியதாகும். சந்தைக்கு வரத்துக் குறைந்தால் வணிகர் வேறிடம் நாடுவர். நுகர்வோர் வேறு பழத்துக்குப் பழகுவர். பயிர் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே சுருங்கியபின் அதனைச் சூழ்ந்திருந்த ஏற்பாடுகளும் கலைந்துவிடுகின்றன. நோயை ஒழிப்பதைவிடக் கலைந்த ஏற்பாட்டை மீண்டும் கட்டுவது கடினம்.

பிடுங்குவதா, விடுவதா?

மூன்று ஆண்டுக் கணக்கு இவ்வளவு தெளிவாக இருக்கும்போது உழவர் ஏன் உடனே பிடுங்குவதில்லை? அவர் அறியாமையால் பிடுங்கவில்லை என்று எளிதாகச் சொல்லிவிடுவதுண்டு. அது நேர்மையான விடை ஆகாது.

பாதி வளர்ந்தபின் நோயுற்ற மரம் சிறு தாராவது தரும் என்ற நம்பிக்கை உழவருக்கு உண்டு. சந்தையில் வரத்துக் குறைந்து விலை ஏறியிருக்கும் காலத்தில் சிறு தாருக்கும் ஏதோ விலை கிடைக்கும். கடன் தவணை இந்த மாதம். நோயின் பெருக்கம் அடுத்த ஆண்டு. கையில் காசில்லாதவருக்கு இந்த மாதமே பெரிது. மேலும் ஒரு கேள்வி அவர் முன் நிற்கிறது: தாம் ஐம்பது தூர்களைப் பிடுங்கியபின் வேலிக்கு அப்பால் உள்ளவர் பிடுங்காவிட்டால், அங்குள்ள அசுவினி மீண்டும் வந்து புதுக்கன்றில் அமரும். பிடுங்கியவர் இழந்ததும் வீண், நட்டதும் வீண். வேலிக்கு அப்பால் இருப்பவரும் இவரைப் பற்றி இதையே எண்ணுகிறார்.

ஒருவர் செயலின் பயனோ கேடோ அவருடைய கணக்கில் வராமல் பிறர் கணக்கில் ஏறுவதைப் பொருளியலார் புறவிளைவு என்பர். நோயுற்ற தூரை விட்டுவைப்பவருக்கு ஒரு சிறு தார் கிடைக்கிறது. அதனால் வரும் கேட்டின் பெரும்பகுதி அயலாரைச் சேர்கிறது. பிடுங்குபவர் முழு இழப்பையும் தாமே ஏற்கிறார். அதன் நன்மையோ சரிவெங்கும் பரவுகிறது. ஒவ்வொருவரும் தத்தம் கணக்கைச் சரியாகப் போட்டும் ஊர்க்கணக்கு தவறாக முடிவது இத்தகைய இடங்களில்தான்.

இந்த முடிச்சை அவிழ்த்த நாடு ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்சு, குயின்சுலாந்து எல்லைப்பகுதி வாழைத்தோட்டங்களில் 1913 இல் நுழைந்த முடிக்கொத்து நோய், அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அங்கே வாழைத்தொழிலையே படுக்கவைத்தது. உழவர் பலர் தோட்டங்களைக் கைவிட்டு வெளியேறினர். நோயின் காரணம் அப்போது யாருக்கும் தெரியாது; மண்ணைக் குறை கூறியவர்களும் உண்டு. மாகீ என்னும் ஆய்வாளர், நோய் பரவும் வழிகள் அசுவினியும் நோய்த்தூரின் கன்றும் என்பதை நிறுவி 1927 இல் தம் ஆய்வை வெளியிட்டார். நச்சுயிரியை நுண்ணோக்கியில் கண்டவர் எவரும் இல்லாத காலம் அது. ஆயினும் பரவும் வழி தெரிந்ததே போதுமானதாயிற்று.

அதன்பின் அங்கே சட்டம் வந்தது. அனுமதியின்றிக் கன்று நடக்கூடாது. ஒரு வட்டாரத்திலிருந்து மற்றொன்றுக்குக் கன்றைக் கொண்டுசெல்லக்கூடாது. ஆய்வாளர் தோட்டந்தோறும் சென்று பார்ப்பர். நோயுற்ற தூரை உரிமையாளர் அழித்தே ஆகவேண்டும். கைவிடப்பட்ட தோட்டங்களும் அழிக்கப்பட்டன. 1930களில் தொழில் மீண்டெழுந்தது. வேலிக்கு இருபுறமும் ஒரே நாளில் பிடுங்கச்செய்ததே அந்தச் சட்டத்தின் வெற்றி. தனி உழவரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருந்தால் அது நிகழ்ந்திராது.

இந்தியாவிலும் 1914 ஆம் ஆண்டின் பூச்சி, நோய்த் தடுப்புச் சட்டத்தின்கீழ், நோயுள்ள மாநிலங்களிலிருந்து வாழைக்கன்று வெளியே செல்லத் தடை விதிக்கப்பட்டது. ஆனால் நடந்துசென்றே கடக்கக்கூடிய மலைப்பாதைகளில், தோளில் சுமந்து செல்லும் ஒரு கன்றை எந்தச் சுங்கச்சாவடி நிறுத்தும்? அன்போடு கொடுத்த கன்று நோயைச் சுமந்து சென்றது என்பதை ஏற்பதற்கு மனமும் எளிதில் இடம் தருவதில்லை.

புளோரிடாவின் ஆரஞ்சு

செல்வமும் அறிவியலும் மிகுந்த நாடாயினும் தாமதித்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் சான்று. அங்கே 2005 ஆம் ஆண்டில் எலுமிச்சை இனப் பயிர்களைத் தாக்கும் பசுமையாதல் நோய் கண்டறியப்பட்டது. இதற்குக் காரணம் ஒரு நுண்ணுயிரி. பரப்புவது ஒருவகைச் சிறு தாவும்பூச்சி. நோயுற்ற மரத்தின் கனி சிறுத்து, கோணி, பழுத்தும் அடிப்பகுதி பச்சையாகவே நின்று, கசந்து உதிரும். 2003-04 பருவத்தில் அம்மாநிலம் ஏறத்தாழ 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைவித்தது. 2022-23 இல் அது 2 கோடிப் பெட்டிக்கும் கீழே இறங்கியது. இடையில் பெரும் சூறாவளிகளும் தாக்கின. ஆனால் சூறாவளிக்குப் பின் எழும் வலிமையை மரங்களிடமிருந்து முன்பே பறித்திருந்தது நோய். பழச்சாற்று ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அங்குள்ள பெரிய ஆரஞ்சு வளர்ப்பு நிறுவனங்களுள் ஒன்றாகிய அலிக்கோ, எலுமிச்சையினச் சாகுபடியை விட்டு விலகுவதாக 2025 சனவரியில் அறிவித்தது.

ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலமுடைய நிறுவனம் ஒரு பயிரைக் கைவிட்டால் நிலத்தை வேறு வழியில் பயன்படுத்தி நிலைக்கும். மூன்று ஏக்கர் சரிவுநிலம் உடைய மலையுழவருக்கு அத்தகைய மாற்று எளிதில் வாய்ப்பதில்லை.

நோயற்ற கன்று

மலைவாழையை மீட்க முடியும் என்ற நம்பிக்கை ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. வாழைக் கன்றின் குருத்து நுனியில் உள்ள மிகச்சிறு வளர்திசுவை எடுத்து, கண்ணாடிக் குடுவையில் ஊட்டக் கூழின்மேல் வளர்த்து, ஒன்றிலிருந்து நூற்றுக்கணக்கான செடிகளை உண்டாக்குவது திசு வளர்ப்பு முறை. இதில் ஓர் எச்சரிக்கை தேவை. தாய்மரத்தில் நச்சுயிரி இருந்தால் குடுவையில் பெருகுவது நோயாகவும் இருக்கக்கூடும். நூறு நோய்க்கன்றுகளை ஒரே வேளையில் விற்றதாகிவிடும். ஆதலால் முதலில் தாய்மரத்தையும் பின்னர் வளர்ந்த செடிகளையும் நச்சுயிரிச் சோதனைக்கு உட்படுத்தவேண்டும். இத்தகைய சோதனைக்கும் சான்றளிப்புக்கும் இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2006 இல் ஒரு தேசிய அமைப்பை ஏற்படுத்தியது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும், 1993 இல் திருச்சிராப்பள்ளியில் தொடங்கப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் இப்பணியில் ஈடுபட்டன. மலையில் நோய் அண்டாது எஞ்சியிருந்த நல்ல தூர்களைத் தேடிக் கண்டு, சோதித்து, அவற்றிலிருந்து நச்சுயிரி இல்லாத விருப்பாச்சி, சிறுமலைக் கன்றுகளைப் பெருக்கி உழவர்க்கு வழங்கினர். வரிசையாக அழிந்துபோன தோட்டங்களுக்கு நடுவே தப்பிநின்ற அந்தச் சில தூர்களின் மதிப்பை அப்போது உணரமுடிந்தது.

2008 ஆம் ஆண்டில் விருப்பாச்சி மலைவாழையும் சிறுமலை மலைவாழையும் புவிசார் குறியீடு பெற்றன. 2019 இல் பழனிப் பஞ்சாமிர்தமும் அக்குறியீட்டைப் பெற்றது. ஒரு பொருளின் சிறப்பு அது விளையும் மண்ணோடு பிணைந்தது என்பதற்கான சட்டச் சான்று இது. வேறிடத்துப் பழத்தை இப்பெயரால் விற்பதை இது தடுக்கிறது. நல்ல விலை பெற இது உதவும். விற்பதற்குத் தார் இருந்தால்தான் விலையைப் பற்றிப் பேசமுடியும் என்பதையும் சேர்த்தே எண்ணவேண்டும். பெயர் உயர்ந்த காலத்தில் பரப்பு சுருங்கியிருந்தது.

திசு வளர்ப்புக் கன்று நோயில்லாத கன்றே தவிர, நோய் தாக்காத கன்று அன்று. இந்த வேறுபாடு உழவரிடம் தெளிவாகச் சொல்லப்படவேண்டும். சொல்லாதபோது, விலைகொடுத்து வாங்கிய கன்றிலும் ஓராண்டில் முடிக்கொத்து தோன்றுவதைக் கண்டவர் மறுபடி வாங்கமாட்டார். முடிக்கொத்து நோயைத் தாங்கி நிற்கும் மலைவாழை இனம் உழவர் கையில் இன்னும் இல்லை. எனவே நடும் முன்னரே சுற்றுவட்டத்தில் உள்ள பழைய நோய்த்தூர்களை அகற்றுவதும், நட்டபின் மாதம் இருமுறையேனும் இலைக்காம்புகளைப் பார்ப்பதும், கீற்று தெரிந்த தூரில் முதலில் அசுவினியை மருந்தடித்துக் கொன்றுவிட்டுப் பின்னர்க் கிழங்கோடு தோண்டி அழிப்பதும் வேண்டும். இந்த வரிசை மாறினால், தூரைச் சாய்க்கும்போதே அசுவினி அடுத்த மரத்துக்குப் போய்விடும்.

முன்பு தாய்மரத்தடியில் விலையின்றி முளைத்த கன்று இன்று நெகிழிப் பையில், விலையோடு, சான்றிதழோடு மலையேறுகிறது. வாங்கிய உழவர் அதனை நடுவதற்கு முன், தம் எல்லைக்கு ஐம்பது அடி அப்பால் கவனிப்பாரற்று நிற்கும் பழைய தூர் யாருடையது என்று விசாரிக்க வேண்டியுள்ளது. நிலத்துக்காரர் பட்டணத்தில் இருந்தால் அவரிடம் இசைவு பெற்று, கூலியை யார் தருவது என்று பேசி முடித்து, அந்தத் தூரைத் தோண்டிய பின்னரே தம் நிலத்தில் குழி வெட்டத் தொடங்குகிறார்.